ஈயக் கண்ணாடியில டெர்பியம் சேர்த்தா ஃபாரடே சுழற்சி கூடும்னு நெனச்சேன், குறைஞ்சு போச்சு. ஏன்?

ஒளிவட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன், ப்ராஜெக்ட் தலைப்பு காந்த ஒளியியல் கண்ணாடி, அதாவது காந்தப்புலத்துல வச்சா உள்ள போற ஒளியோட அதிர்வுத் தளத்தை சுத்தற கண்ணாடி (அந்த சுத்தலுக்குத்தான் ஃபாரடே சுழற்சின்னு பேர்). சிப்புக்குள்ள வைக்கிற ஆப்டிக்கல் ஐசொலேட்டருக்கு (ஒளியை ஒரு பக்கமா மட்டும் விடற கருவி) கண்ணாடி ஒத்து வருமான்னு பாக்கணும்னு எங்க கைடு சொல்லியிருக்கார்.

நான் பண்ணது இதுதான். முதல்ல லெட் ஆக்ஸைடும் போரிக் ஆசிடும் கலந்து அலுமினா க்ரூசிபிள்ல 900 டிகிரியில உருக்கி, சூடு பண்ணி வச்ச பித்தளை அச்சுல ஊத்தி, 350 டிகிரியில 3 மணி நேரம் அனீல் பண்ணேன் (ஃப்யூம் ஹூடுக்குள்ள, மாஸ்க் க்ளவுஸ் எல்லாம் போட்டுதான்). லேசா மஞ்சள் கலர்ல நல்ல தெளிவான கண்ணாடி வந்துச்சு. ரெண்டாவதா அதே கலவையில 5 மோல் சதவீதம் டெர்பியம் ஆக்ஸைடு சேர்த்து உருக்கினேன், அது டீ டிகாஷன் மாதிரி பழுப்பா வந்துச்சு. ரெண்டையும் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு தேய்ச்சு பாலிஷ் போட்டு, எலக்ட்ரோமேக்னட் நடுவுல வச்சு ஹீலியம் நியான் லேசர் விட்டு, பின்னாடி அனலைசரை (ஒரு தளத்துல அதிர்ற ஒளியை மட்டும் விடற தகடு) சுத்தி இருட்டாகற இடத்தை குறிச்சேன். காந்தப்புலம் 0.4 டெஸ்லா.

ஈயக் கண்ணாடி மட்டும் 2.2 டிகிரி சுத்துச்சு. கனமான ஃப்ளின்ட் கண்ணாடிக்கு 633 நானோமீட்டர்ல வெர்டெட் எண் (ஒரு டெஸ்லா புலத்துல ஒரு மீட்டருக்கு எவ்வளவு சுத்தும்ங்கறது) சுமாரா 20 ரேடியன் வரும்னு படிச்சிருக்கேன், அப்படி கணக்கு போட்டா 2.3 வரணும், அதனால ரொம்ப சந்தோஷமா இருந்தேன். டெர்பியம் போட்டதும் இன்னும் ரெண்டு மடங்காவது வரும்னு எதிர்பார்த்தேன், ஏன்னா டெர்பியம்தான் இந்த விஷயத்துல பெரிய ஆளுன்னு எல்லா பேப்பர்லயும் இருக்கு. ஆனா வந்தது 0.3 டிகிரி. மூணு நாள் திரும்பத் திரும்ப எடுத்தேன், அதேதான். பழுப்பு கலர்னால லேசர் கொஞ்சம் குறையுது, ஆனா வெளிச்சம் குறைஞ்சா கோணம் ஏன் குறையணும்?

ரெண்டாவது கேள்வி, சிப் ஐசொலேட்டர் பத்தின பேப்பர் எதை எடுத்தாலும் கார்னெட் கார்னெட்னு ஒரு படிக வகையைப் பத்திதான் வருது, கண்ணாடியைப் பத்தி யாரும் பேசவே மாட்டேங்கறாங்க. நான் தப்பான பொருளை வச்சு ஒரு வருஷத்தை ஓட்டறேனோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

உலைமேடு:
தங்கச்சி, உன் அளவு தப்பே இல்ல, ரொம்ப அழகா வந்திருக்கு. நோட்டுல ஒரு விஷயத்தை மட்டும் நீ எழுதாம விட்டிருக்கே, எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு. ஈயத்தோட சுழற்சியும் டெர்பியத்தோட சுழற்சியும் எதிர் எதிர் திசை. நீ கூட்டல்னு நெனச்சே, உலைக்குள்ள நடந்தது கழித்தல்.

நான் இருபது வருஷமா கண்ணாடி உருக்கற வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கோ. ஈயம், பிஸ்மத், டெல்லூரியம் இதெல்லாம் டயாமேக்னட்டிக் வகை. எல்லா எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்து இருக்கும், ஆனா எலக்ட்ரான் மேகம் பெருசா தளர்வா இருக்கறதால புலம் போட்டா வலஞ்சுழி ஒளிக்கும் இடஞ்சுழி ஒளிக்கும் ஒளிவிலகல் எண் துளி வித்தியாசப்படும், அந்த வித்தியாசம்தான் சுழற்சியா தெரியுது. இந்த வகைக்கு வெர்டெட் எண் ப்ளஸ். டெர்பியம் பாராமேக்னட்டிக். அதோட 4எஃப் கூட்டுல ஜோடி இல்லாத எலக்ட்ரான்கள் இருக்கு, புலத்துல அதோட மட்டங்கள் பிரிஞ்சு கீழ் மட்டத்துல கூட்டம் அதிகமாகும், அங்கேர்ந்து 5டி-க்கு தாவற தாவல்தான் சுழற்சியை கொடுக்குது. இதுக்கு வெர்டெட் எண் மைனஸ்.

இப்ப உன் எண்ணை எடுத்துக்கோ. பழுப்புத் துண்டு மைனஸ் பக்கம் 0.3 சுத்தியிருந்தா டெர்பியம் பங்கு மைனஸ் 2.5, ப்ளஸ் பக்கம்னா மைனஸ் 1.9. ரெண்டுல எதுன்னு திசை பாத்தாதான் தெரியும். கண்டுபிடிக்க சுலபமான வழி, காயில்ல கரன்ட் எந்தப் பக்கம் சுத்துதோ அதே பக்கம் ஒளி சுத்தினா ப்ளஸ், எதிர்ப்பக்கம்னா மைனஸ். அதோட இனிமே எப்பவும் கரன்டை ரெண்டு திசையிலயும் போட்டு, ரெண்டு கோணத்தோட வித்தியாசத்துல பாதியை எடு, 0.3 மாதிரி சின்ன கோணத்துக்கு இது கட்டாயம். இன்னும் நம்பிக்கை வேணும்னா துண்டுக்குப் பின்னாடி ஒரு முகம் பாக்கற கண்ணாடி வச்சு ஒளியை அதே வழியா திருப்பி அனுப்பு. சர்க்கரைத் தண்ணியும் ஒளியை சுத்தும், ஆனா அதுல திரும்பி வர்ற ஒளி சுழற்சியை அவுத்துக்கிட்டு வந்துரும், ஃபாரடே சுழற்சி அவுறாது, இரட்டிப்பாகும். ஐசொலேட்டர்ங்கற பொருளே இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கு.

அடுத்து அந்த பழுப்பு. கடையில கிடைக்கற டெர்பியம் ஆக்ஸைடு பவுடரே காபிப்பொடி கலர்ல இருக்கும் பாத்திருப்பே, ஏன்னா அதுல பாதி டெர்பியம் மூணு ப்ளஸ்லயும் (மூணு எலக்ட்ரான் இழந்த நிலை) பாதி நாலு ப்ளஸ்லயும் இருக்கும். நமக்கு வேண்டியது மூணு ப்ளஸ் மட்டும். நாலு ப்ளஸ்ல 4எஃப்-ல ஏழு எலக்ட்ரான், கடோலினியம் மாதிரி சரியா பாதி நிரம்பிய கூடு, அதுல ஆர்பிட்டல் பங்கு பூஜ்யம், சுழற்சிக்கு பெருசா உதவாது, கண்ணாடிக்கு கலரை மட்டும் கொடுக்கும். ஒரு 365 நானோமீட்டர் யூவி டார்ச் வாங்கி இருட்டுல அடிச்சுப் பாரு, மூணு ப்ளஸ் நல்லா இருந்தா 545 பக்கத்துல பச்சையா ஒளிரும். பச்சை மங்கலா இருந்தா பாதி டெர்பியம் வீணாப் போயிருக்குன்னு அர்த்தம்.

இதை சரி பண்ண உலைக்குள்ள ஆக்ஸிஜனை குறைக்கணும், கொஞ்சம் கார்பன் போடுவாங்க இல்லன்னா ஹைட்ரஜன் கலந்த வாயு விடுவாங்க. ஆனா உன் கலவையில ஈயம் இருக்கே, ஆக்ஸிஜனை குறைச்சா ஈயம் உலோகமா பிரிஞ்சு கண்ணாடிக்குள்ள சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா நிக்கும். ப்ளாட்டினம் க்ரூசிபிளா இருந்தா அந்த ஈயம் ப்ளாட்டினத்தோட சேர்ந்து க்ரூசிபிளையே ஓட்டை போட்டுரும், அது எவ்வளவு விலைன்னு உனக்கே தெரியும். ஈயத்துக்கு ஆக்ஸிஜன் வேணும், டெர்பியத்துக்கு கூடாது. குறி எதிர், உலையோட தேவையும் எதிர், அதனால ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போடவே கூடாதுங்கறது என் கருத்து.

ஃபாரடே 1845 செப்டம்பர் 13-ம் தேதி முதன்முதலா இதைப் பாத்தது உன் முதல் துண்டு மாதிரியான கண்ணாடியிலதான், லெட் போரோசிலிகேட். ரெண்டு இஞ்சுக்கு 1.8 இஞ்சு, கனம் அரை இஞ்சு. 1820-கள்ல ராயல் சொசைட்டிக்காக நல்ல ஒளியியல் கண்ணாடி செய்ய அவர் படாத பாடு பட்டு உருக்கின துண்டு, அந்த வேலைக்கு அது பெருசா உதவல, பல வருஷம் கழிச்சு இதுக்கு உதவுச்சு. அன்னைக்கு காத்து, சாதா ஃப்ளின்ட், குவார்ட்ஸ் எல்லாத்தையும் வச்சுப் பாத்து ஒண்ணும் தெரியாம கடைசியா இதை வச்சப்பதான் அணைஞ்சிருந்த விளக்கு தெரிஞ்சுது. நீ உருக்கின முதல் துண்டை பத்திரமா வச்சுக்கோ.

ஒளிவட்டம்:
அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி. நீங்க சொன்னது சரி, நோட்டுல கோணத்தோட அளவை மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன், திசையே இல்ல. நாளைக்கு லேப் போனதும் முதல் வேலை இதுதான். கரன்ட்டை திருப்பிப் போடற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கு, இவ்வளவு நாள் அதைத் தொட்டதே இல்ல.

இன்னொரு சந்தேகம், திசை மைனஸ்னு வந்தாலும் அது டெர்பியம்தான்னு எப்படி நிரூபிக்கறது? வைவாவுல கேட்டா என்ன சொல்றது?

உலைமேடு:
சூடு பண்ணு. டயாமேக்னட்டிக் பங்கு வெப்பநிலைக்கு கிட்டத்தட்ட அசையவே அசையாது, பாராமேக்னட்டிக் பங்கு கெல்வின் வெப்பநிலைக்கு தலைகீழா குறையும். லிக்விட் நைட்ரஜன்ல குளிர வச்சா டெர்பியம் பங்கு கிட்டத்தட்ட நாலு மடங்காகும், ஆனா அதுக்கு ஜன்னல் வச்ச க்ரையோஸ்டாட் வேணும். உன்கிட்ட இருக்கறதை வச்சு பண்ணணும்னா துண்டைச் சுத்தி சின்ன ஹீட்டர், ஒரு தெர்மோகப்பிள் போதும். டெர்பியம் பங்கு 30 டிகிரியில மைனஸ் 2.5-ஆ இருந்தா 130 டிகிரிக்கு போறப்ப முக்கால் பங்காகி மைனஸ் 1.9 ஆயிடும், ஈயத்தோட ப்ளஸ் 2.2 அப்படியே நிக்கும். அப்ப மொத்தம் மைனஸ் 0.3-லேர்ந்து ப்ளஸ் 0.3-க்கு மாறணும். நடுவுல 70 டிகிரி சுமாருக்கு சுழற்சியே இல்லாம போகணும். அதைப் பாத்துட்டேன்னா வைவாவுல யாரும் உன்னை எதுவும் கேக்க முடியாது.

இரும்பு கலக்காத ஹீட்டரா பாத்துக்கோ, ஹீட்டர் கம்பியை ரெட்டையா முறுக்கி சுத்து, இல்லன்னா அதுவே ஒரு காயில் ஆகி தனியா புலம் போடும்.

அலைவழி:
முதல் கேள்விக்கு மேல உள்ளவர் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், நான் ஃபோட்டானிக் சிப் டிசைன்ல வேலை பாக்கறேன், இந்த கார்னெட் கண்ணாடி கதையை தினமும் பாக்கறவன்.

முதல்ல சும்மா எண்ணை வச்சுப் பாப்போம். வணிக ரீதியா கிடைக்கற நல்ல டெர்பியம் கண்ணாடி 633-ல சுமார் மைனஸ் 70 ரேடியன், டிஜிஜின்னு சொல்ற டெர்பியம் கேலியம் கார்னெட் படிகம் மைனஸ் 134. 1064-க்குப் போனா டிஜிஜி மைனஸ் 40 ஆயிடும், கண்ணாடி அதுல பாதி. ஒரு டெஸ்லா காந்தம் வச்சா டிஜிஜி 2 சென்டிமீட்டர்ல 45 டிகிரி சுத்திரும், கண்ணாடிக்கு 4 சென்டிமீட்டர். மேஜை மேல வைக்கற லேசருக்கு இது பிரச்சனையே இல்ல, கண்ணாடியை பெரிய விட்டத்துல செய்யலாம்ங்கறதால பெரிய பீமுக்கு கண்ணாடிதான் வசதி.

ஆனா நம்ம சிப்பு வேலை செய்யறது 1550-ல. அலைநீளம் கூடக்கூட வெர்டெட் எண் மடமடன்னு இறங்கும், கணக்கு போட்டா டெர்பியம் கண்ணாடிக்கு 10 ரேடியன் பக்கத்துலதான் நிக்குது. ஒரு டெஸ்லா போட்டாலும் 45 டிகிரிக்கு 8 சென்டிமீட்டர் வேணும், சிப்பு மேல ஒட்டற காந்தம் 0.1 டெஸ்லா கொடுத்தா 80 சென்டிமீட்டர். இதையே யிக், அதாவது இட்ரியம் இரும்பு கார்னெட்டோட வச்சுப் பாருங்க, அது ஃபெர்ரிமேக்னட்டிக், உள்ளுக்குள்ளயே இரும்பு அயனிகள் வரிசையா நிக்கறதால 1550-ல சென்டிமீட்டருக்கு 200 டிகிரி மாதிரி சுத்தும், ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர்ல வேலை முடிஞ்சுது. சீரியம் சேர்த்த யிக் படலம்னா சென்டிமீட்டருக்கு 4500 டிகிரி, பத்தில் ஒரு மில்லிமீட்டர் போதும். எல்லாரும் கார்னெட் பின்னாடி ஓடறதுக்கு காரணம் இதுதான்.

ஆனா இந்த எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்றதுலதான் ஆளுங்க தப்பு பண்றாங்க, நானும் மொதல்ல அப்படித்தான் இருந்தேன், ஒரு வருஷம் போச்சு. அலைவழிக்குள்ள, அதாவது சிப்புல ஒளியை கூட்டிட்டுப் போற மெல்லிய பாதைக்குள்ள, ஒளி போறப்ப டிஇ, டிஎம்னு ரெண்டு முகம் (ஒண்ணு படுக்கையா அதிரும், ஒண்ணு நிமிர்ந்து அதிரும்) இருக்கும், ரெண்டும் ஒரே வேகத்துல போகாது. ஃபாரடே விளைவு டிஇ-லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா டிஎம்-க்கு மாத்திக்கிட்டே வரும், ஆனா ரெண்டும் கட்டம் தவறிப் போச்சுன்னா முதல்ல மாத்தினதை அடுத்த கொஞ்ச தூரத்துல அதுவே திருப்பி எடுத்துரும். ஊஞ்சல் தள்ற மாதிரிதான், தப்பான நேரத்துல தள்ளினா ஊஞ்சல் நின்னுரும். அதிகபட்சமா எவ்வளவு மாறும்ங்கறது, வெர்டெட்டை புலத்தால பெருக்கின எண்ணோட வர்க்கத்தை, அதே வர்க்கமும் டிஇ டிஎம் பரவல் மாறிலி (மீட்டருக்கு கட்டம் எவ்வளவு நகருதுங்கறது) வித்தியாசத்துல பாதியோட வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுத்தா வரும்.

ரெண்டு முகத்துக்கும் ஒளிவிலகல் எண்ணுல நாலாவது தசமத்துல ஒண்ணு, அதாவது 0.0001 வித்தியாசம்னு வைங்க. 1550-ல பரவல் மாறிலி வித்தியாசம் மீட்டருக்கு 405 ரேடியன். 0.1 டெஸ்லாவுல டெர்பியம் கண்ணாடி மீட்டருக்கு 1 ரேடியன்தான் சுத்துது. சூத்திரத்துல போட்டா ஒளியில லட்சத்துல ரெண்டரை பங்குதான் மாறும், அலைவழியை ஒரு கிலோமீட்டர் நீட்டினாலும் அவ்வளவுதான், நீளம் கூட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. யிக்-கு அதே வித்தியாசம் இருந்தாலும் முக்கால்வாசி மாறிரும். ஒரு டெஸ்லா போட்டு கண்ணாடியை வேலை செய்ய வைக்கணும்னா வித்தியாசம் 0.000005-க்கு கீழ இருக்கணும்.

அதனால ஒளிவட்டம் மேடம், உங்க ப்ராஜெக்ட்ல அளக்க வேண்டிய முக்கியமான எண் வெர்டெட் மட்டும் இல்ல, அலைவழியோட இரட்டை விலகல், அதாவது இந்த டிஇ டிஎம் ஒளிவிலகல் எண் வித்தியாசம். கண்ணாடிக்கு இங்கதான் ஒரு நல்ல பக்கம் இருக்கு. கார்னெட்டை சிலிக்கான் மேல வளர்க்கறது பெரிய கொடுமை, யிக்-கோட படிக அணிக்கோவை 12.38 ஆங்ஸ்ட்ராம், சிலிக்கானோடது 5.43, ஒட்டவே ஒட்டாது, படிகமாக 700, 800 டிகிரி சூடு வேற வேணும், விரிசல் விடும். அதனாலதான் டோக்கியோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி குழு 2008-ல சீரியம் யிக்கை தனியா வளர்த்து சிலிக்கான் மேல அழுத்தி ஒட்டினாங்க, 2011-ல எம்ஐடி குழு சிலிக்கான் வளையத்து மேலயே படலமா போட்டு காட்டினாங்க. அவங்க ரெண்டு பேருமே போலரைசேஷனை, அதாவது அதிர்வுத் தளத்தை, சுத்தறதையே விட்டுட்டு, போறப்ப ஒரு கட்டம் வர்றப்ப ஒரு கட்டம்னு நான்ரெசிப்ரோக்கல் கட்ட மாற்றத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, அதுல டிஇ டிஎம் பொருத்தம் தேவையே இல்ல.

கண்ணாடியில அலைவழி செய்யறது அதோட ஒப்பிட்டா ரொம்ப சாந்தமான வேலை. உள்ள சோடியம் இருந்தா உருகின உப்புல 300, 400 டிகிரியில முக்கி எடுத்தா போதும், சோடியம் வெளிய போய் வெள்ளியோ பொட்டாசியமோ உள்ள வரும், அந்த இடத்துல ஒளிவிலகல் எண் கூடும். பொட்டாசியம் அயனி சோடியத்தை விட பெருசு, சின்ன இடத்துல நெருக்கியடிச்சு உக்காரும், அழுத்தம் வரும், இரட்டை விலகல் வரும், இந்த வேலைக்கு அது ஆகாது. வெள்ளி சோடியத்துக்கு கிட்டத்தட்ட அதே அளவு, அழுத்தம் கம்மி, அப்புறம் மின்புலம் கொடுத்து அலைவழியை மேற்பரப்புக்கு கீழ புதைச்சா வட்டமா சமச்சீரா வரும். உங்க லேப்ல செய்யக்கூடிய வேலை இது.

இன்னொரு தந்திரம், இரட்டை விலகலை முழுசா ஒழிக்க முடியலன்னா அதோட சண்டை போடாதீங்க. 0.0001 வித்தியாசத்துக்கு 15.5 மில்லிமீட்டர்ல ஒரு சுத்து முடியும். அதுல பாதி 7.75 மில்லிமீட்டர், அந்த நீளத்துக்கு ஒரு தடவை காந்தத்தை தலைகீழா திருப்பி திருப்பி வச்சா ஊஞ்சலை சரியான நேரத்துல தள்ற மாதிரி ஆயிடும், மாற்றம் சேர்ந்துக்கிட்டே போகும். முழு பலன் கிடைக்காது, மூணுல ரெண்டு பங்குக்கு கொஞ்சம் கம்மியா கிடைக்கும். சின்ன நியோடிமியம் காந்தம் வரிசையா அடுக்கி மேஜை மேலயே செஞ்சு பாக்கலாம்.

ஐசொலேட்டர் போட்டியில கண்ணாடி கார்னெட்டை ஜெயிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஜெயிக்காது. ஆனா அலைவழியில ஃபாரடே விளைவு எப்படி கெட்டுப் போகுது, எப்படி காப்பாத்தறதுன்னு ஒருத்தர் கையால தொட்டுப் பாக்க கண்ணாடியை விட நல்ல பொருள் கிடையாது. அதுக்கு ஒரு வருஷம் செலவு பண்றது வீண் இல்ல.

மின்கோபுரம்:
நான் பிசிக்ஸ் ஆள் இல்ல, சப்ஸ்டேஷன் பாதுகாப்பு பக்கம் வேலை. கண்ணாடிக்கு உபயோகமே இல்லையோன்னு அந்தப் பொண்ணு பயந்ததைப் பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

எங்க ஊர்ல 400 கிலோவோல்ட் யார்டுல கரன்ட் அளக்கற சிடி ஒண்ணு வெடிச்சதை நேர்ல பாத்திருக்கேன், உள்ள எண்ணெய், வெளிய போர்சலின், வெடிச்சா சில்லு நூறு அடிக்கு பறக்கும். அன்னைக்கு யாரும் பக்கத்துல இல்லாதது எங்க அதிர்ஷ்டம். அதுக்கப்புறம்தான் நான் ஆப்டிக்கல் கரன்ட் சென்சார் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுல எண்ணெயும் இல்ல இரும்பும் இல்ல, கம்பியைச் சுத்தி ஒரு கண்ணாடி, இல்லன்னா ஃபைபர். கம்பியில போற கரன்ட்டோட காந்தப்புலம் கண்ணாடிக்குள்ள ஒளியை சுத்தும், கோணத்தை அளந்தா கரன்ட் தெரியும். ஒளி கம்பியைச் சுத்தி ஒரு முழு வட்டம் போச்சுன்னா ஆம்பியர் விதிப்படி கம்பி நடுவுல இருக்கா ஓரத்துல இருக்காங்கறது முக்கியமே இல்ல, பக்கத்து ஃபேஸ் கம்பியோட புலமும் உள்ள வராது.

தங்கச்சி அளந்த ஈயக் கண்ணாடி மாதிரி 20 ரேடியன் இருந்தா, ஆயிரம் ஆம்பியருக்கு ஒரு சுத்துல 1.4 டிகிரி வருது, சிவப்பு லேசர்ல. தாராளமா அளக்கலாம். இங்க டெர்பியம் கண்ணாடியை கொண்டுவந்து வச்சீங்கன்னா சுழற்சி பெருசா இருக்கும் ஆனா காலையில 20 டிகிரி மத்தியானம் 45 டிகிரின்னு வெயில் ஏறறப்ப அளவு 8 சதவீதம் விழுந்துரும், பில்லிங் மீட்டருக்கு அரை சதவீதத்துக்கே சண்டை போடற இடத்துல அது எங்க உதவும். வெப்பத்துக்கு அசையாத அந்த டயாமேக்னட்டிக் குணம்தான் எங்களுக்கு சோறு. அதுலயும் எஸ்எஃப்57 மாதிரி கனமான ஃப்ளின்ட் வகைக்கு இன்னொரு பெரிய வரம் இருக்கு, அழுத்தம் கொடுத்தாலும் இரட்டை விலகல் கிட்டத்தட்ட வராது. ஸ்டாண்டு மேல போல்ட் போட்டு இறுக்கினாலும் காத்துல ஆடினாலும் அளவு கெடாது.

அலைவழி சார் சொன்ன இரட்டை விலகல் தலைவலிதான் எங்க துறையிலயும் ஃபைபர் சென்சாரை பல வருஷம் படுத்துச்சு, சிலிக்கா ஃபைபரை வளைச்சாலே அழுத்தம் வரும், அதோட வெர்டெட்டும் 633-ல நாலுக்குள்ளதான். ஆனா சுத்து எண்ணிக்கையை கூட்டிக்கலாம்ங்கறதால ஈடு கட்டிடலாம்.

தங்கச்சி, உன் கலவைக் கண்ணாடியை மட்டும் சென்சாருன்னு யாருக்கும் சொல்லிடாதே. சுழற்சி பூஜ்யமானா வெப்பநிலை பாதிப்பும் பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, ஈயம் அப்படியே நிக்க டெர்பியம் மட்டும் நகரறதால அது கரன்ட்டை விட வெப்பத்தைத்தான் நல்லா அளக்கும்.

ஒளிவட்டம்:
ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. லேப்ல எலக்ட்ரோமேக்னட்டை வேற பேட்ச் எடுத்துக்கிட்டாங்க.

முதல்ல திசை. ஈயக் கண்ணாடி கரன்ட் சுத்தற பக்கமே சுத்துச்சு, பழுப்பு கண்ணாடி எதிர்ப்பக்கம். ரெண்டு திசையிலயும் எடுத்து பாதியாக்கினேன், மைனஸ் 0.3. அப்ப டெர்பியம் பங்கு மைனஸ் 2.5, வெர்டெட்டா மாத்தினா மைனஸ் 22 ரேடியன் பக்கம் வருது. உலைமேடு அண்ணா சொன்ன முதல் வழிதான். யூவி டார்ச் அடிச்சேன், பச்சை வருது ஆனா ரொம்ப மங்கல், கண்ணாடியோட ஓரத்துல மட்டும் மெல்லிசா கோடு மாதிரி தெரியுது.

அப்புறம் சூடு. ஹீட்டர் கம்பியை ரெட்டையா முறுக்கி மைக்கா தகடு மேல சுத்தி துண்டைச் சுத்தி கட்டினேன். அனலைசரை இருட்டு நிலையில வச்சுட்டு காந்தத்தை ஆன் பண்ணினா டிடெக்டர் அளவு ஏறும், ஆஃப் பண்ணினா இறங்கும். 40 டிகிரி, 50 டிகிரின்னு போகப் போக அந்த ஏத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 75 டிகிரியில ஸ்விட்சைப் போட்டேன், முள் அசையல. மறுபடி போட்டேன், அசையல. 0.4 டெஸ்லா காந்தம் ஓடிக்கிட்டு இருக்கு, காயில் சூடு கையில தெரியுது, கண்ணாடி மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கு. 110-க்கு போனதும் மறுபடி ஏற ஆரம்பிச்சுது, திசையைப் பாத்தா ஈயத்தோட பக்கம். கைடை கூப்பிட்டு காட்டினேன், அவரே நாலு தடவை ஸ்விட்சை போட்டுப் போட்டு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

அலைவழி சார் சொன்ன வெள்ளி அயனி மாற்றம் பண்ணலாம்னு அவரும் ஒத்துக்கிட்டார். ஆனா ஈயம் இல்லாம டெர்பியம் கண்ணாடி எப்படி உருக்கறது? அலுமினோ போரோசிலிகேட்டுக்கு 1400 தாண்டணும்னு படிச்சேன், எங்க உலை 1200 வரைக்கும்தான் போகும்.

உலைமேடு:
75-னு நீ எழுதினதை படிச்சுட்டு எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன்மா. ரொம்ப சந்தோஷம்.

1200-க்கு பாஸ்பேட் எடுத்துக்கோ. அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சோடியம் கார்பனேட், கொஞ்சம் அலுமினா, கொஞ்சம் ஜிங்க் ஆக்ஸைடு, டெர்பியம் ஆக்ஸைடு. அம்மோனியம் உப்பு சூடாகறப்ப அம்மோனியா வெளிய வரும், அதுவே ஆக்ஸிஜனை கொஞ்சம் இழுத்துக்கும், டெர்பியம் மூணு ப்ளஸ்ல நிக்க அது உதவி, நீ தனியா கார்பன் போட வேண்டியதில்ல. ஆனா மெதுவா ஏத்து, 200-லேர்ந்து 400 வரைக்கும் பொங்கும், பால் பொங்கற மாதிரி க்ரூசிபிளை விட்டு வெளிய வரும், பாதிக்கு மேல நிரப்பாதே. அலுமினா க்ரூசிபிள்ல கொஞ்சம் கரையும், பரவாயில்ல, அலுமினா உள்ள போனா பாஸ்பேட் கண்ணாடி ஈரத்தை தாங்கும். ஊத்தின துண்டை டெசிக்கேட்டர்ல வை, மழை நாள்ல வெளிய வச்சா பாலிஷ் மங்கிரும். சோடியம் உள்ள இருக்கறதால வெள்ளி மாற்றமும் நடக்கும், உப்பு சூட்டை மட்டும் கண்ணாடி இளகற வெப்பநிலைக்கு நல்லா கீழ வச்சுக்கோ.

அலைவழி:
வெள்ளி நைட்ரேட்டை தனியா உருக்காதீங்க, சோடியம் நைட்ரேட்ல கொஞ்சமா கலந்து நீர்த்து வச்சுக்கோங்க, இல்லன்னா மேற்பரப்புல வெள்ளி துகளா சேர்ந்து மஞ்சளாகி ஒளி இழப்பு கூடும். அலைவழி போட்டதும் முதல்ல காந்தமே இல்லாம டிஇ, டிஎம் வித்தியாசத்தை அளந்துட்டு எண்ணை இங்க போடுங்க, காந்தத்தை எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணா திருப்பணும்னு சேர்ந்து கணக்கு போடுவோம்.

ஒளிவட்டம்:
சரி சார். அண்ணா, பாஸ்பேட் இன்னைக்கு மத்தியானம் உலையில வச்சிருக்கேன், க்ரூசிபிள்ல பாதிதான் நிரப்பினேன். நீங்க சொன்ன மாதிரியே 300-ல பொங்குச்சு, விளிம்பு வரைக்கும் வந்துட்டு இறங்கிருச்சு. இப்ப 1150-ல நிக்குது, சாயங்காலம் ஊத்தறேன், ஆறினதும் டார்ச் அடிச்சுட்டு வந்து சொல்றேன்.